உத்திரத்துக்கு இறக்கிய முடி

ஆவுடையம்மாளைத் தளவாய் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிறையில் கைதிகளைச் சொந்தக்காரர்கள் மனுக் கொடுத்து வந்து பார்க்கும் அறை அது. இரட்டைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, பக்கத்திலிருந்த வக்கீலம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அழுத்தியும் அடங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சுற்றிலும் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வார்டர் வந்து, "ஏம்மா, இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்று அதட்டினார். அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நேரம் முடிந்து எல்லோரையும் வெளியே விரட்டும்போதும் வலைக்குள் அவள் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிரித்தபடியே பின்னால் போனது. செத்துப்போன பெண்டாட்டியை நினைத்தால் மனிதனுக்கு அழுகைதானே வரவேண்டும், தனக்கு மட்டும் ஏன் இப்படி உதடு விரிகிறது என்று தளவாய்க்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. எதிரே கண்ணாடியில் வெள்ளைத் துணிக்கு மேலே தாடியும் தலையுமாக ஒரு முகம் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தது. "என்ன அண்ணாச்சி, உள்ளுக்குள்ள ஏதோ ஓடுது போல" என்றான் முடிவெட்டுகிற குற்றாலம், துணியின் முடிச்சைப் பிடரியில் இறுக்கிக்கொண்டே. "ஒண்ணுமில்லடே, நீ வெட்டு" என்றார்.

குற்றாலத்தின் கடை தெருமுனையில் இருக்கிறது. தளவாய் ஜெயிலுக்குப் போகுமுன் அவன் அப்பாதான் வெட்டுவார். இவன் பக்கத்தில் நின்று வெந்நீர் ஊற்றிக் கொடுப்பான். இப்போது கடையில் சுழலும் நாற்காலி, மூன்று பக்கமும் கண்ணாடி, சுவரில் வெள்ளைக்கார ஆண்களின் படங்கள். காலையில் சிறை வாசலில் வந்து அழைத்துக்கொண்ட தங்கை இசக்கியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஜெயில் முடியோட வீட்டுக்குள்ள வரவேண்டாம். தலையை முடிச்சுட்டு வா, வெந்நி போட்டு வைக்கேன்" என்று இவரை இங்கே இறக்கிவிட்டு அவள் முன்னால் போய்விட்டாள். வீட்டில் உலகு இருக்கிறாள். உலகம்மாள், ஒரே மகள். இவர் போகும்போது இடுப்பில் வைத்துத் தூக்குகிற பிள்ளை. இப்போது பாவாடை சட்டைக்கு மேல் தாவணி கேட்கிறாள் என்று இசக்கி பஸ்ஸில் சொன்னாள். மகளைப் பார்க்கப் பயமில்லை. அவளை மாதாமாதம் வலைக்குப் பின்னால் பார்த்துத்தான் வளர்த்தார், அதுவும் ஒரு வளர்ப்புதான். பயம் அதற்கு முந்தின வீட்டைப் பற்றி. இந்த நாற்காலியிலிருந்து எழுந்து தெருவுக்குள் நடந்தால், அவர் வீட்டுக்கு முன்னால் வருவது வெட்டுப்பட்டுச் செத்த வைகுண்டம் அண்ணாச்சி வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் இருமல் வரும். அந்த வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி பகவதி மைனி உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. மேலே இருக்கிற கோர்ட்டு, நீ கொல்லவில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டும்போது மேல்கோர்ட்டு கூடவா நடந்து வரும்?

குற்றாலம் இடது கையால் உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்தான். அவ்வளவுதான், தளவாயின் இரண்டு தோளும் காதுவரை ஏறின. துணிக்குள் கைகள் நாற்காலியின் கட்டையை இறுகப் பிடித்தன. "கழுத்தை லேசா விடுங்க அண்ணாச்சி, நான் என்ன வெட்டவா போறேன்" என்றவன், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நாக்கைக் கடித்தான். விடவேண்டும். இது குற்றாலத்தின் கை. சவரச் சோப்பு வாசனை அடிக்கிற கை. அந்தக் கை இல்லை. அந்தக் கையில் வெற்றிலை வாசனை இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் பின்னறை, சன்னல் இல்லாத சுவர், தரையில் குத்தவைத்து உட்காரச் சொல்லியிருந்தார்கள். புது இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். பழைய இன்ஸ்பெக்டரை, ஒரு மாசமாய் ஆளைப் பிடிக்கவில்லை என்று மாற்றியிருந்தார்கள். இவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், வந்த உடனே ஆள் வேண்டும் அவருக்கு. இரண்டு வீட்டுத் தண்ணீரும் போகிற சாக்கடைக்காகத் தளவாயும் வைகுண்டம் அண்ணாச்சியும் தெருவே கூடிப் பார்க்கும்படி சத்தம் போட்டுக்கொண்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதும் நிஜம்தான். சத்தம் போட்டார்கள், மறுநாள் ஒரே டீக்கடையில் டீயும் குடித்தார்கள். டீ குடித்ததை யாரும் சொல்லவில்லை. அருவாளை எங்கே போட்டே, எங்கே போட்டே என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். எங்கேயும் போடாதவன் எங்கே என்று சொல்வான்? கடைசியில் அவர்களே ஒரு இடம் சொன்னார்கள், அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே அது இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அந்த வெற்றிலைக் கை ஏட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிப் பார்த்து, "நல்லா முளைச்சிருக்குடே" என்றார். பாசமாகச் சொல்வதைப் போல இருந்தது. பிறகு பிடித்து இழுத்தார். தலைத்தோல் எரிந்தது. அதையும் அடியில் ஒரு வகை என்றுதான் தளவாய் நினைத்தார். அடிப்பவனிடம் போய் இது எதற்கு, அது எதற்கு என்று தனித்தனியாகக் கணக்குக் கேட்க முடியுமா? வருஷக்கணக்காக அதை அப்படியே மறந்தும்போனார். அடிகளிலேயே சின்ன அடி அது. உள்ளங்காலில் விழுந்தது ஞாபகம் இருந்தது, விரலிடுக்கில் பென்சில் வைத்தது ஞாபகம் இருந்தது. தலைமுடியைப் பிடுங்கியதெல்லாம் ஒரு பெரிய காரியமா? அதுதான் பெரிய காரியம். மற்றதெல்லாம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

கத்திரி காதோரத்தில் கிச்கிச்சென்று நடந்தது. முடி துணியில் விழுந்து சறுக்கித் தரையில் விழுந்தது. பாதிக்கு மேல் நரை. கறுப்பாக உள்ளே போனது நரையாக வெளியே வந்திருக்கிறது, பரவாயில்லை, வந்திருக்கிறதே. "அண்ணாச்சி, உங்க முடியைப் பத்திப் பேப்பர்லயே போட்டுட்டான்லா. எனக்குக் கத்திரியைப் பிடிக்கவே பயமா இருக்கு" என்றான் குற்றாலம். "கீழ விழுந்ததை உடனே கூட்டி அள்ளிருதேன். எந்த இன்ஸ்பெக்டராவது வந்து பொறுக்கிட்டுப் போயிறக் கூடாதுல்லா." பெஞ்சியில் பேப்பரோடு முறை காத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பொக்கென்று சிரித்தார். தளவாயும் சிரித்தார். உள்ளே இருந்தபோது இந்த மாதிரி கேலிதான் கனவில் வரும். சோறு வராது, மீன் குழம்பு வராது, யாராவது யாரையாவது ஓட்டுகிற சத்தம் வரும். எழுந்து பார்த்தால் வாளிச் சத்தம். இனி எழுந்து பார்த்தால் வாளிச் சத்தம் கேட்காது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னது உண்மையா என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். உண்மைதான். தலை மெல்ல நிமிர்ந்தது. வெகுநேரம் தலையில் சுமந்த சிமெண்ட் மூட்டையை இறக்கிய பிறகு கழுத்து தானாக மேலே எழும்புமே, அந்த மாதிரி. கொத்தனார் வேலைக்கு வருமுன் மூட்டை சுமந்தவர் அவர். மூட்டையை இறக்கிய பிறகும் கொஞ்ச தூரம் கூனித்தான் நடப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

முதல் கோர்ட்டில் முடியைப் பற்றிப் பேசினார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. பேசியதெல்லாம் இங்கிலீஷில். கண்ணாடி போட்ட ஒருவர் கூண்டில் ஏறி ஏதோ ஒரு பொட்டலத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அரசாங்கம் கொடுத்த வக்கீல் எழுந்து, "கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு வேறு கோர்ட்டிலும் கேஸ் இருந்தது, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் பேசியது பகவதி மைனி ஒருத்திதான். வெள்ளைச் சேலையில் வந்து, தளவாய் பக்கம் திரும்பாமல், "ஓடுனதைப் பாத்தேன். இவன்தான்" என்றாள். இவன்தான். கூப்பிடும்போது எப்போதும் தளவாய் என்பாள், கோபம் வந்தால் ஏலே தளவாய் என்பாள். இவன் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். ஆயுள் தண்டனை என்றபோதுகூட அவருக்கு அந்த இவன்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி எல்லாம் படுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஓடினதைப் பார்த்திருப்பாளா? நான் ஓடவில்லையே. ஓடினவன் என்னைப் போல இருந்தானா? ஒரு கட்டத்தில், நிஜமாகவே நான்தான் ஓடினேனோ, தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது செய்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. ஒரு பொய்யை எல்லோரும் சேர்ந்து சொன்னால், உண்மை தெரிந்தவனுக்கே முதலில் மண்டை குழம்பும்.

அந்தக் குழப்பத்தை ஒரே சிரிப்பில் துடைத்துப் போட்டவள் ஆவுடை. வக்கீலம்மா ஜெசிந்தா சின்னப் பெண். அப்பீலை எடுத்து நடத்த யாரோ சொல்லி வந்தவள். வலைக்கு அந்தப் பக்கம் கட்டுக் கட்டாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி வந்தாள். "அருவாள் கெடக்கட்டும் அண்ணாச்சி, அதை உடைச்சிரலாம். கஷ்டம் இந்த முடிதான். செத்தவர் கைக்குள்ள உங்க முடி இருந்துச்சுன்னு ரிப்போர்ட். அவர் உங்க தலையைப் பிடிச்சு இழுத்திருக்காருன்னு சொல்லுதாங்க." தளவாய்க்கு அப்போதும் எதுவும் ஓடவில்லை. முடியா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆவுடைதான், "எவுக முடி?" என்றாள். "உங்க வீட்டுக்காரர் முடி." "இவுக முடியா? அன்னைக்கா?" என்றவள், விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தது சிரிப்பு. "ஏம்மா, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல இவுகளும் பிள்ளையும் சேந்துல்லா முடி இறக்குனாக! பிள்ளைக்குக் காய்ச்சல் தெளிஞ்சா அப்பனும் மகளும் சேந்து இறக்குதோம்னு நான்தான் நேந்திருந்தேன். உத்திரம் முடிஞ்ச அந்த வாரம்தானே அண்ணாச்சியை வெட்டுனாங்க? அன்னைக்கு இவுக தலையில ஈ உக்காந்தாலும் வழுக்கி விழுந்திருக்கும். அதுல எதைப் பிடிச்சு இழுத்தாராம் அண்ணாச்சி?" ஜெசிந்தா காகிதத்தைப் புரட்டினாள். கை வேகமாகப் புரட்டியது. முடியின் நீளம் அரை விரற்கடை என்று ரிப்போர்ட்டில் இருந்தது. ஒரு மாசம் கழித்துத் தளவாயைப் பிடித்தபோது தலையில் முளைத்திருந்த நீளம். தளவாய்க்கு அப்போதுதான் வெற்றிலை வாசனையடித்த கை ஞாபகம் வந்தது. நல்லா முளைச்சிருக்குடே. அன்றைக்குப் பிடுங்கிய முடியைத்தான் செத்தவர் கையில் இருந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடக்கேயிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கு இந்த ஊர் உத்திரம் தெரியாது. இந்தப் பக்கத்து ஆட்கள் உத்திரத்தன்று ஊரைக் காலி செய்துவிட்டு அவரவர் குலசாமியான சாஸ்தாவைத் தேடிக் காட்டுக்குப் போவார்கள் என்று தெரியாது. அவர் வந்து பார்த்தபோது இருந்தது முடியுள்ள தலை. அன்றைக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

ஆவுடை அந்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். இவரைப் போலீஸ் காவலோடு வீட்டுக்குக் கூட்டிவந்து பிணத்தைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள், அதை அவர் பார்த்ததாகச் சேர்ப்பதில்லை. வீட்டுச் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பொணத்தை வைத்துக்கொண்டு யார் வெள்ளையடிப்பார்கள் என்று விளங்காமல் பார்த்தார். இசக்கிதான் காதோடு சொன்னாள், மனு பார்த்துவிட்டு வந்த மறுநாளே அவளே ஏணி வைத்து அடித்தாளாம், அவுக வந்துருவாக, வீடு பாழடைஞ்சு கிடக்கப்பிடாது என்றாளாம். அப்பீல் அப்போது விசாரணைக்கே வந்திருக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. ஒரு மனுஷி ஜெயித்த நிம்மதியோடு போயிருக்கிறாள் என்பதை அவர் உள்ளே ஒவ்வொரு நாளும் கையில் எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டார். எடுத்துப் பார்க்கப் பார்க்க அது தேயவில்லை.

"மீசையை என்ன செய்ய?" என்றான் குற்றாலம். "எடுத்துரு." "எடுத்துட்டா உலகுக்கு அடையாளம் தெரியாம போயிரும்." "அப்ப வச்சுரு." வைத்தான். பெரிய கோர்ட்டு சாட்சியை மறுபடி கூப்பிட்டுக் கேட்கச் சொன்னபோது, ஊரில் வேறு யார் சொன்னாலும் செல்லாது, இவருக்கு வேண்டியவர்கள் என்பார்கள், பகவதி சொல்லவேண்டும் என்றாள் ஜெசிந்தா. மைனி எப்படிச் சொல்வாள்? ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் உள்ளேயே கிடக்கவேண்டியதுதான். அவள் கூண்டில் ஏறினாள். அதே வெள்ளைச் சேலை மாதிரி இருந்தது. சம்பவத்தன்று எதிரியின் தலை எப்படி இருந்தது என்று ஜெசிந்தா கேட்டாள்; குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டில் எதிரி என்று பெயர். அவள் யோசிக்கவே இல்லை. "மொட்டை. சாஸ்தா கோயில்ல முடி இறக்கிட்டு வந்திருந்தான். ஆவுடை எங்க வீட்டுக்குப் பொங்கல் கொண்டாந்து குடுத்தா, நான்தான் அவன் தலையைப் பாத்துச் சந்தனம் காஞ்சு போச்சு, இன்னும் கொஞ்சம் பூசுன்னு சொன்னேன்." ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். "முன்னாடி யாரும் கேக்கலையேய்யா" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். "ஓடுனவன் முகத்தை நான் பாக்கல. இருட்டு. அவன் முடி உம்புருஷன் கையில இருந்துச்சும்மா, சயின்ஸு பொய் சொல்லாதுன்னு அந்த இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னாக. அப்ப மொட்டைங்கிற நெனப்பே வரல, இவன்தான்னு நெனச்சேன். சொன்னேன்." இறங்கிப் போகும்போதும் தளவாய் பக்கம் திரும்பவில்லை. தன்னை வெளியே விட்டது அந்த வாய்தான். உள்ளே தள்ளியதும் அந்த வாய்தான். அதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா? அந்த வாசலைத் தாண்டும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? தலையைக் குனிந்துகொண்டு போனால் குற்றவாளி மாதிரி இருக்கும். நிமிர்ந்து போனால் திமிர் மாதிரி இருக்கும். மைனி என்று கூப்பிட்டால் அவள் உள்ளே எழுந்து போய்விட்டால்?

கத்திரி நின்றது. குற்றாலம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தளவாய் கண்ணாடியில் பார்த்தார். ரேஷன் பையோடு கடை வாசற்படிக்குக் கீழே வெயிலில் ஒருத்தி நின்றிருந்தாள். கண்ணாடிக்குள் அவள் இடம் மாறி, தூரமாகத் தெரிந்தாள். "குத்தாலம், அது தளவாயாடே?" என்றாள். குரல் மாறவில்லை. தளவாய் எழப் பார்த்தார். "எந்திரிக்காத, துணியில இருக்க முடியெல்லாம் கொட்டும்" என்றாள். அப்படியே உட்கார்ந்தார். பாதித் தலை வெட்டியிருந்தது, பாதி வெட்டாமல் இருந்தது. உலகத்தில் யாரிடமாவது இந்தக் கோலத்தில் மானத்தோடு பேச முடியுமா என்று தோன்றியது. "ஆமா மைனி, நான்தான்." "எளைச்சுப் போயிட்ட." "வயசாகுதுல்லா." "எல்லாருக்குந்தான் ஆகுது. உம்மக வாசலுக்கும் அடுப்படிக்குமா நடந்துக்கிட்டு இருக்கா, எனக்கே பாக்கக் காலு வலிக்கி. சீக்கிரம் போயிச் சேரு." சொல்லிவிட்டுப் போகவில்லை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பெஞ்சியில் இருந்த பெரியவர் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். தளவாய் நாற்காலியை மெல்லச் சுழற்றி அவள் பக்கம் திரும்பினார். மாடசாமி கோயிலில் ஆராசனை வந்து சாமியாடுகிறவர் முன்னால் வாக்குக்கு நிற்பதைப் போல அவள் முகத்தைப் பார்த்தார். ஆனால் அவள் கண்ணில் இவர் பயந்தது எதுவும் இல்லை. துணிக்குள் நாற்காலிக் கட்டையைப் பிடித்திருந்த கையை விட்டார். அவள் தன்னை நம்புகிறாள். கோர்ட்டுக்காக இல்லை, நிஜமாகவே நம்புகிறாள்.

"ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட" என்றாள். "கேளுங்க மைனி." "நீ இல்லன்னு ஆகிப் போச்சுல்லா. அப்ப அவுகளை வெட்டுனது யாருடே?" இத்தனை வருஷமும் தளவாய், நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். விடிந்து எழுந்ததும் அதைத்தான் சொன்னார், படுக்கும்போதும் அதைத்தான் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றுகொண்டிருந்ததை அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை. இவள் அதோடு தனியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். "தெரியலையே மைனி" என்றார். "எனக்கும் தெரியல" என்றாள் பகவதி. "நீதான்னு நெனச்சிருந்த வரைக்கும் திட்டுறதுக்காவது ஒரு பேரு இருந்துச்சு." அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. வெயில் ஏறுவதைச் சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு, "வெட்டிட்டு வா. சாயங்காலமா வீட்டுப் பக்கம் வா, காப்பி குடிச்சிட்டுப் போவ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பை கனத்தது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். குற்றாலம் மிச்சத் தலையை வெட்டினான். இந்த முறை உச்சியைப் பிடித்தபோது தளவாயின் தோள் ஏறவில்லை. பிடரியில் பவுடர் போட்டு, துணியை உதறி, "முடிஞ்சுது அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க" என்றான். தளவாய் எழுந்து படியிறங்கினார். அந்த இன்ஸ்பெக்டர் பெரிய பதவிக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டார். போலீஸ் வழக்கை மறுபடி எடுக்கவில்லை. வைகுண்டம் கொலை வழக்கில் இப்போது எதிரி என்று யாரும் இல்லை.